நாற்பத்தைந்து நடை

ஜனவரி 6

அன்புத் தங்கச்சி ஊசிக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? உன் கழுத்து வலி எப்படி இருக்கு? மெஷின் மேல கவுந்தே கிடக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது.

ஒரு சேதி. கம்பெனி டாக்டர் என் முழங்காலைத் தட்டிப் பாத்துட்டு, இனி லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி ஏறுற வேலை உனக்கு ஆகாதுன்னு எழுதிக் கொடுத்துட்டார். முப்பத்தஞ்சு வருஷமா ஊரையே மேல ஏத்தி விட்டவனை, நீ இறங்கிக்கன்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் கடைசியோட வேலை முடியுது. இந்த ஏழாவது மாடி ரூமையும் காலி பண்ணணும்.

அதான், அங்கயே வந்துடலாம்னு ஒரு யோசனை. ஓடைப்பக்கம் அப்பா எனக்குன்னு ஒதுக்கின நிலத்துல ரெண்டு அறை வச்ச வீடு போதும். அவர் வரைஞ்சு அனுப்பின படத்தோட நகல் இதுல இருக்கு. அவர் வழக்கப்படி எல்லாமே நடைக் கணக்கு. ஓடைக்கரையிலிருந்து வீட்டுக்குப் புள்ளி வச்ச இடம் நாற்பத்தைந்து நடை. தபால்காரர் நடை ரெண்டரை அடின்னு நமக்குத் தெரியாதா? அப்ப நூத்திப் பன்னெண்டரை அடி வருது. கரையிலிருந்து நூறு அடி விட்டுத்தான் கட்டணும்னு சட்டமாமே, பேப்பர்ல படிச்சேன். நாம தாராளமாத் தள்ளித்தான் இருக்கோம்.

இன்னொண்ணு. கரையில நம்ம ஊஞ்சல் மரத்தோட அடிக்கட்டை கிடக்கும். மாப்பிள்ளைகிட்ட சொல்லி முதல் வேலையா அதைப் பிடுங்கிப் போடச் சொல்லு. வேர் கூட மிச்சம் இருக்கக் கூடாது. புதர் கிதர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

உடம்பைப் பாத்துக்க.
அண்ணன்

•

ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். என் கழுத்து இருக்கட்டும், உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவறியா இல்லையா?

உன் கடுதாசியைப் பாதி படிச்சதும், வெட்டிக்கிட்டு இருந்த சட்டையில ஒரு கையைக் கோணலா வெட்டித் தொலைச்சேன். துணிக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார். எங்க அண்ணன் முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வர்றான், உங்க கை எனக்குப் பெரிசான்னு கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டுப் போயிட்டார். அப்பா சாவுக்குக் கூட லீவு கிடைக்காதவன் வர்றேன்னு எழுதினா வேற என்னதான் பண்றது? ரெண்டு நாளாப் பாடிக்கிட்டே தைக்கிறேன்.

உன் மாப்பிள்ளை அன்னைக்கே பொக்லைனைக் கிளப்பிட்டார். "ஒரே நாள், வழிச்சு விட்டுடறேன்"ன்னார். உக்காருங்கன்னு சொல்லிட்டு சுற்றுச்சூழல் ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு மேடம். மேஜை நிறைய ரிப்பன், சிவப்பும் நீலமும். என்ன மேடம், நீங்களும் தையல் கடையான்னு கேட்டுட்டேன். சிவப்பு கட்டினா வெட்டலாம், நீலம் கட்டினா தொடக் கூடாதாம். அவங்க வந்து பாத்து ரிப்பன் கட்டற வரைக்கும் ஒரு குச்சியைக் கூட ஒடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானும் உன் மாப்பிள்ளையும் அவங்களுக்கு ரிப்பன் மேடம்னு பேர் வச்சாச்சு.

அடிக்கட்டையைத் தேடிப் பாத்தேன், அப்படி ஒண்ணையும் காணோம். அது இருந்தா என்ன, போனா என்ன? அத்தனை நிலம் கிடக்க, அது மேல ஏன் உனக்கு இவ்வளவு கண்ணு?

படத்துல இன்னொரு சந்தேகம். ஓடைக்கரைகிட்ட, நடைக் கணக்கு தொடங்கற இடத்துல, அப்பா மூணு சின்னக் கோடு போட்டிருக்கார். அது என்னது?

கடுதாசி போடு. போன் வேண்டாம், போன்ல நீ "ம்", "ம்"னே ஓட்டிடுவ. தபால்காரர் பிள்ளைங்க நாம, தபால்லயே பேசுவோம்.

அன்புத் தங்கை

•

பிப்ரவரி 2

அன்புள்ள ஊசி,

நலம். எண்ணெய் தடவறேன், போதுமா?

ரிப்பன் மேடம் சொல்றபடியே நட. சட்டத்தோட மல்லுக்கு நிக்காதே. லிஃப்ட்டுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் எங்கயோ ஒருத்தன் கை கால் போயிருக்கும். அந்த நிலத்துல இப்ப என்னென்ன இருக்கு? முயல் வருமா? ஓடையில தண்ணி இருக்கா? இங்க என் ஜன்னல்ல தெரியறது எதிர் மாடித் தண்ணித் தொட்டி ஒண்ணுதான். எல்லாத்தையும் விவரமா எழுது.

மூணு கோடு எதுவும் இல்ல. பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருப்பார்.

அடிக்கட்டை அழுகி மண்ணோட போயிருக்கும். கண்ணுல பட்டா பிடுங்கிடு.

அண்ணன்

•

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். விவரமாக் கேட்டியே, இந்தா.

ரிப்பன் மேடம் வந்தாங்க. மரம் ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சளவு எடுத்தாங்க, நான் சட்டைக்கு எடுக்கற மாதிரியே. எனக்குக் கை துறுதுறுன்னு வந்துடுச்சு. என் டேப்பை எடுத்துக்கிட்டு நானும் அளந்தேன். மொத்தம் அறுபத்திரண்டு மரம். சிவப்பு பத்தொம்பது, மத்தது நீலம். உன் மாப்பிள்ளை முகம் ஊறுகாய் மாதிரி ஆயிடுச்சு. கரையிலிருந்து நூறு அடிக்குள்ள பொக்லைன் கால் வைக்கவே கூடாதாம். அங்க இருக்கற புதரைக் கையாலதான் வெட்டணும். வெட்டினதைக் கொளுத்தக் கூடாது. மண்ணு கரைஞ்சு ஓடைக்குள்ள போகாம சரிவு முழுக்க ஒரு அடி உயரத்துக்குத் துணித் தடுப்பு கட்டணும். அது கடையில விக்கிற விலையைக் கேட்டுட்டு, துணியை மட்டும் வாங்கி நானே தைச்சுக்கிட்டு இருக்கேன். முந்நூறு அடி நீளம். உலகத்துலயே நீளமான பாவாடை இதுதான்.

அடுத்தது கேளு. நீ வீடு கட்டற இடத்துலயே ஒரு புதர்ல குருவிக் கூடு. மூணு முட்டை. குஞ்சு பறந்து போற வரைக்கும், அதாவது ஜூன் கடைசி வரைக்கும், வெட்டு கிடையாது. ஜூலையிலயும் ஆகஸ்ட்லயும் வெட்டி முடிக்கணும், அப்புறம் மழை. பொக்லைன் ஓட்டறவரை ஒரு குருவி நிறுத்தி வச்சிருக்கு பாரு! முதல்ல ரொம்பத் திட்டினார். இப்ப தினம் சாயங்காலம் போய் எட்டிப் பாத்துட்டு வந்து, "இன்னும் பொரிக்கல"ங்கறார். மாமனார் மாதிரி கவலை.

உன் அடிக்கட்டையைக் கண்டுபிடிச்சுட்டேன். அது அழுகவே இல்ல அண்ணா. அதுலிருந்து மூணு மரம் எழும்பி நிக்குது, ஒவ்வொண்ணும் என் இடுப்பளவு. அதனாலதான் முதல்ல எனக்கு அடையாளம் தெரியல. மேடம் அதுக்கு நீல ரிப்பன் கட்டிட்டாங்க. கரையை அதோட வேர்தான் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காம். செத்த கட்டையா இருந்தாக் கூட கரையில பிடுங்க அனுமதி இல்லையாம்.

அதனால உன் ஆசை நடக்காது. வருத்தமா?

அன்புத் தங்கை

•

மார்ச் 15

அன்புள்ள ஊசி,

நலம்.

அது வேற மரமா இருக்கும். நல்லாப் பாரு. ஊஞ்சல் மரம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு.

முட்டை பொரிஞ்சுதா?

அண்ணன்

•

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? இவ்வளவு பெரிய மனுஷன் நாலு வரியில ஒரு கடுதாசி போடறதா? தபாலை இத்தனை தூரம் தூக்கிட்டு வந்தவங்களுக்காவது ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

முதல்ல இட்ட முட்டை காக்காய்க்குப் போச்சு, மறுபடி இட்டது பொரிஞ்சாச்சு, மூணும். சாப்பாடு கேட்டுக் கத்தறதைப் பாத்தா உன் மாப்பிள்ளை தோத்தார்.

இப்ப ஒரு வில்லங்கம். பயந்துடாதே, வழி இருக்கு. மேடம் போன வாரம் கரையிலிருந்து உன் வீட்டுப் புள்ளிக்குச் சங்கிலி பிடிச்சு அளந்தாங்க. நூத்திப் பன்னெண்டரை இல்ல அண்ணா. தொண்ணூறு அடிதான்! சட்டத்துக்குள்ள பத்தடி மாட்டிக்கிட்டு நிக்குது உன் வீடு. நான் நம்பல. கிணத்துலிருந்து வேலி வரைக்கும் அப்பா அறுபது நடைன்னு எழுதியிருக்கார் இல்ல? அதை நானே டேப் போட்டு அளந்தேன். நூத்தி இருபது அடி. எங்க அளந்தாலும் நடைக்கு ரெண்டே அடி. அப்பா கணக்குல ஒரு தப்பும் இல்ல. நீதான் ரெண்டரை அடின்னு போட்டுட்ட.

அதான் எனக்கு மண்டையைக் குடையுது. படம் வரைஞ்சது அவர் சாகறதுக்கு முந்தின வருஷம். அப்ப அவர் விந்தி விந்தித்தானே நடப்பார்? பாறையில வழுக்கி இடது கால் ஒடிஞ்சதிலிருந்தே அப்படித்தான். நான் அத்தை வீட்டுல தங்கிப் படிச்ச வருஷம் நடந்தது அது. திரும்பி வந்தா அப்பா காலை இழுக்கிறார், நீ வேலை கிடைச்சு ஊரை விட்டே போயிருக்க. அவர் பேண்ட்டை நான்தானே தைப்பேன், இடது காலை மட்டும் முக்கால் இன்ச் வெட்டிக் குட்டையாக்குவேன். வெட்டின பட்டியை நாடா மாதிரி சுருட்டிப் பாக்கெட்டுல போட்டுக்குவார். எதுக்குப்பான்னா, வேலை இருக்கும்மான்னு சொல்வார். அப்பா விந்தறது உனக்குத் தெரியாதா என்ன? எத்தனை கடுதாசியில எழுதியிருக்கேன்! அப்படியிருந்தும் எப்படி ரெண்டரை அடின்னு போட்ட?

இன்னொரு வேடிக்கை. அந்த மூணு மரத்துக்கு நடுவுல பழைய வெட்டு இன்னும் தெரியுது. மேடம் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "இது விவரம் தெரியாத கை வெட்டினது"ன்னாங்க. சாயற பக்கம் முதல்ல ஒரு வாய் வெட்டிட்டுத்தான் பின்பக்கம் வெட்டணுமாம். இது பின்பக்கம் மட்டுமே கொத்தியிருக்கு. அப்படிக் கொத்தினா மரம் நெட்டுக்குப் பிளந்து, வெட்டறவங்க பக்கமே உதைக்குமாம். "யாருக்கோ பலமா அடிபட்டிருக்கணுமே"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல அப்படி யாருக்கும் படலையேன்னு சொன்னேன். அப்பா கோடாரி பிடிச்சா ரெண்டு பக்கமும் பாத்துத்தான் வெட்டுவார். அதை வெட்டினது யாரு? உனக்கு ஞாபகம் இருக்கா?

வீட்டைப் பத்தடி பின்னாடி தள்ளிட்டாப் போதும். திருத்தின படத்துல நிலத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேணும். அனுப்பியிருக்கேன், போட்டு அனுப்பு.

அன்புத் தங்கை

•

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஆறு வாரமா உன்கிட்டேயிருந்து ஒரு வரி இல்ல. வேற வழியில்லாம உன் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். வேலைக்கு வந்து போயிக்கிட்டுத்தான் இருக்கார்னாங்க. அப்ப கை மட்டும்தான் சுகமில்லையா?

குஞ்சுங்க பறந்து போயிடுச்சு. காலியான கூட்டை உன் மாப்பிள்ளை தொடவே விடமாட்டேங்கறார்.

திருத்தின படம் ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள ஆபீஸுக்குப் போய்ச் சேரணும். இல்லாட்டி அனுமதி ரத்து. மறுபடி முதல்லயிருந்து எல்லாம், மறுபடி குருவி, இன்னும் ஒரு வருஷம். செப்டம்பர்ல ரூமைக் காலி பண்ணிட்டு நீ எங்க போவ? நினைச்சாலே எனக்குக் கை ஓடல.

கையெழுத்து அனுப்பு அண்ணா.

தங்கை

•

ஜூன் 21

அண்ணா,

நாங்க சுகம்.

துணித் தடுப்பு தைச்சு முடிச்சு, இன்னைக்குக் கரையில கட்டினேன். கட்டி முடிச்சுட்டு அந்த மூணு மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்பா கால் ஒடிஞ்ச வருஷத்தையும் நீ ஊரை விட்டுப் போன வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

நான் கேட்ட கேள்வி எதுக்கும் நீ பதில் எழுத வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. வேற ஒண்ணும் வேண்டாம்.

தங்கை

•

ஜூலை 1

அன்புள்ள ஊசி,

நீ கண்டுபிடிச்சுட்டன்னு கடைசிக் கடுதாசியிலயே தெரிஞ்சுடுச்சு. சின்ன வயசுலயே நூலைப் பிடிச்சா நுனி வரைக்கும் போகாம விடமாட்ட. இருந்தாலும் என் கையால ஒரு தடவை எழுதிடறேன்.

எனக்குப் பதினேழு வயசு. ஊஞ்சல் மரம் கொட்டகை மேல சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா சேர்ந்து வெட்டுவோம், அதுவரைக்கும் தொடாதேன்னு அப்பா சொல்லியிருந்தார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அவர் டியூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள சாய்ச்சுக் காட்டணும்னு வெள்ளிக்கிழமையே கோடாரியை எடுத்தேன். மேடம் சொன்னது அத்தனையும் சரி. பின்பக்கம் மட்டும் கொத்தினேன். பாதிக்கு மேல போனதும் மரம் முனக ஆரம்பிச்சுச்சு. அப்பா தபால் பையோட சரிவுல ஓடி வந்தார். டேய் விலகுடான்னு கத்தினார். எனக்குக் கால் நகரல. வந்த வேகத்துல என்னைப் பிடிச்சுத் தள்ளினார். மரம் பிளந்து அவரை உதைச்சுது.

வண்டியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப, பல்லைக் கடிச்சுக்கிட்டு அவர் சொன்னது இதுதான்: "பாறையில வழுக்கிட்டேன்னு சொல்லு." ஏம்பான்னு கேட்டேன். "அப்பன் காலை ஒடிச்சவன்கிற பேரு உனக்கு வேண்டாம்"ன்னார்.

ஊரெல்லாம் நடந்த மனுஷன். அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஸ்டூல் போட்டு உக்கார வச்சு முத்திரை குத்த விட்டுட்டாங்கன்னு நீதான் எழுதின. அவர் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போதே நான் கிளம்பிட்டேன். அவர் விந்தி நடந்ததை நான் ஒரு தடவை கூடக் கண்ணால பாத்ததில்ல. காதால கேட்டது வேற. என் கண்ணுக்குள்ள அவர் இன்னும் ரெண்டரை அடி நடையிலதான் போயிக்கிட்டு இருக்கார். கணக்குப் போடறப்ப வேற நம்பர் எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா.

அவர் சாவுக்கு லீவு கிடைக்கலைன்னு சொன்னேனே, பொய். டிக்கெட்டே எடுத்துட்டேன். இங்க ஸ்டேஷன் வரைக்கும் போயி, பெட்டியோட ரூமுக்கே திரும்பி வந்துட்டேன்.

அந்தக் கட்டை இல்லாத இடமா இருந்தா வந்துடலாம்னு நினைச்சேன். அதுவோ வளர்ந்து நிக்குதுங்கற. கையெழுத்துப் போடல, மன்னிச்சுக்க. நிலத்தை நீயும் மாப்பிள்ளையுமே வச்சுக்குங்க. கூட வேலை பாத்த ஒருத்தன் வீட்டுல கட்டில் போட இடம் தர்றேன்னிருக்கான்.

அண்ணன்

•

ஜூலை 9

அண்ணா,

சுகமான்னு கேக்க மாட்டேன். உன் மேல அவ்வளவு கோவம்.

நீ மரத்தை வெட்டினதுக்கு இல்ல. பதினேழு வயசுல எந்தப் பையன்தான் கோணலா வெட்டல? இப்ப நானே வாரத்துக்கு ஒரு துணியை வெட்டித் தொலைக்கிறேன். நீ வராம இருந்தியே, அதுக்கு. அப்பா தினம் ஸ்டூல் போட்டு உக்காந்து முத்திரை குத்தும்போது, உன் ஊரிலிருந்து வந்த தபால்களை எடுத்து ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாப்பாராம். கூட இருந்தவர் சொன்னார். அந்தக் கோவம் எனக்குச் சாகற வரைக்கும் போகாது. அதை எழுதிட்டேன், இனி அடுத்ததுக்கு வர்றேன்.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே மேடத்தைக் கூட்டிக்கிட்டு மறுபடி கரைக்குப் போனேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. வெட்டின கட்டையிலிருந்து எத்தனை துளிர் கிளம்பும்னு கேட்டேன். இருபதும் வரும் முப்பதும் வரும்னாங்க. அப்படியே விட்டா ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கிட்டு எல்லாமே நோஞ்சானாப் போயிடுமாம். யாராவது வருஷா வருஷம் வந்து, நல்லதா மூணை நிறுத்திட்டு மத்ததைக் கிள்ளி எடுத்தாத்தான் இப்படி வளருமாம். "இதை யாரோ பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்க"ன்னாங்க.

உன் மாப்பிள்ளை ஏணி வச்சு ஏறினார். மேல மூணும் நெருங்கற இடத்துல என்னமோ துணி மாதிரி இருக்குன்னு கூப்பிட்டார். மூணும் காத்துல பிளந்துடாம சேத்துக் கட்டியிருந்துச்சு. பாதிப் பட்டியை மரப்பட்டை முழுங்கிடுச்சு. மிச்சம் வெளியில தெரியுது. காக்கி டெரிகாட்டன், அது லேசுல மக்காது. முக்கால் இன்ச் அகலம். ஓரத்துல என் தையல். என் தையல் எனக்குத் தெரியாதா அண்ணா? இடது காலுல நான் வெட்டின பட்டி அது. ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை வருஷத்துப் பட்டியோ, எண்ணவே முடியல. நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டே அழுதுட்டேன். மேடம் ரிப்பனால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க, நீல ரிப்பன்.

படத்தை எடுத்துப் பாரு. கரையில மூணு கோடு. பேனா கிறுக்கல் இல்ல. அந்த மரத்தடியில நின்னுதான் அப்பா எண்ண ஆரம்பிச்சிருக்கார். அங்கிருந்து விந்தி விந்தி நாற்பத்தைந்து நடை நடந்து, இதுல என் பையன் வீடு கட்டட்டும்னு புள்ளி வச்சிருக்கார். அந்த மரம் உன்னைக் குத்திக் காட்ட நிக்குதுன்னு நீ நினைக்கிற. அவர் அதை உன் வாசலுக்கு நேரா வளர்த்திருக்கார்.

திருத்தின படத்தோட இன்னொரு நகல் இதோட வச்சிருக்கேன். தபாலுக்கு ஆறு நாள் ஆகும். கணக்குப் போட்டுக்க. இந்தத் தடவையாவது ஒழுங்காப் போடு.

உன் தங்கை

•

ஜூலை 17

என் அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உண்மையாவே நலம். நீங்க ரெண்டு பேரும், ஏணியில ஏறின மாப்பிள்ளை கால் கை, எல்லாம் சுகம்தானே?

உன் கடுதாசி வந்து ரெண்டு நாள் ஆச்சு. முதல் நாள் படிக்கிறதும் மடிக்கிறதுமாப் போச்சு. அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கு. பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டி, சார் உள்ள லிஃப்ட் ஏதும் மாட்டிக்கிச்சான்னு கேட்டார். முப்பத்தஞ்சு வருஷமா மாட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்பதான் இறங்குதுன்னு சொன்னேன். பாவம், அவருக்கு ஒண்ணும் புரியல.

கையெழுத்துப் போட்ட படம் இதுல இருக்கு. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன், இருபத்தஞ்சுக்குள்ள உன் கையில இருக்கும். ஆகஸ்ட்ல சிவப்பு ரிப்பன் மரங்களை வெட்டட்டும். சாயற பக்கம் முதல்ல ஒரு வாய் வெட்டச் சொல்லு. குருவிக் கூட்டுப் புதரை வெட்ட மாப்பிள்ளைக்கு மனசு வராது, வீடு பத்தடி பின்னாடி போறதால அது வாசல் பக்கம் வெளிய நிக்கட்டும்னு படத்துல குறிச்சுட்டேன். மேடம்கிட்ட கேட்டுக்க. செப்டம்பர் மூணாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாச்சு, வீடு எழும்பற வரைக்கும் உன் வீட்டுத் திண்ணை எனக்குப் போதும். ஸ்டேஷனுக்கு இங்கிருந்து பக்கத்து ரூம்காரரைக் கூட வரச் சொல்லியிருக்கேன், வண்டி கிளம்பற வரைக்கும் பிளாட்பாரத்தை விட்டு அவர் நகரக் கூடாதுன்னு பேச்சு.

வீட்டு எல்லைக்கு ஆபீஸ்காரங்க முளை அடிச்சுட்டாலும், வாசல்படி எங்கங்கறதை நான் வர்ற வரைக்கும் முடிவு பண்ண வேண்டாம். காரணம் சொல்றேன். இன்னைக்குக் காலையில வராந்தாவுல யாரும் இல்லாத நேரம் பாத்து, லிஃப்ட் கதவிலிருந்து என் ரூம் வரைக்கும் நடந்து பாத்தேன். பத்து நடை. டேப் வச்சு அளந்தேன், இருபது அடி. நம்பாம இன்னொரு தடவை நடந்தேன். அதேதான். இந்த முழங்கால் என் நடையை ரெண்டு அடியாக் குறைச்சு வச்சிருக்கு.

மூணு மரத்தடியிலிருந்து அப்பா நாற்பத்தைந்து நடந்து விட்டுட்டார். சட்டத்துக்கு இன்னும் அஞ்சு நடை பாக்கி. நீ டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. அந்த அஞ்சையும் நான் வந்து நடக்கிறேன்.

அண்ணன்